வண்டிக்குத் தண்ணீர் காட்டிய காலம்

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல் என்பது நம் நாட்டு வண்டிக்காரரின் வாயில் வழிவழியாக வழங்கிவரும் சொல். தண்ணீர் கொடுத்தல் என்னாமல் காட்டுதல் என்றதில் ஒரு நயம் உண்டு. குடிப்பதும் குடியாதிருப்பதும் அந்த வாயில்லாப் பிராணியின் இஷ்டம், வேளை தவறாமல் அதன் முன்னே தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பது மட்டுமே வண்டிக்காரனுடைய தர்மம் என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி நம் சாலைகளுக்கு வந்தபோது, நுகத்தடி போயிற்று, மாடு போயிற்று, சாட்டையும் போயிற்று. ஆனால் தண்ணீர் காட்டும் கடமை மட்டும் போகாமல், சற்றேறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் கோடைதோறும் மோட்டார் ஓட்டினவருடைய தலையிலேயே நின்றது. மறைந்துகொண்டு வரும் அந்த வழக்கத்தின் சரித்திரத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது, சித்திரை வெயிலில் நெடுவழி செல்லுகிற இக்காலத்தவருக்கும் பயன் தருவதேயாகும்.

கோடைப் பிரயாணத்துக்கு வண்டியைச் சித்தம் செய்வது மோட்டாரோடு வந்த வழக்கமென்று எண்ணலாகாது. பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதுமே, கட்டை வண்டிச் சக்கரத்தின் மரம் ஈரம் வற்றிச் சுருங்கும். மரம் சுருங்கவே, அதைச் சுற்றிப் பூட்டிய இரும்புப் பட்டா தளர்ந்து ஆடும். ஆதலால் வண்டிக்காரர் வழியிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ சக்கரங்களை இறக்கி நனையவிட்டு, மரம் ஊறிப் பட்டாவை இறுகப் பற்றிய பிறகே மேலே ஓட்டினர். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சுக்கு இட்டனர். மாடுகளுக்குப் புது லாடம் கட்டினர். உச்சிப் பொழுதில் சத்திரத்திலோ புளியமரத்தடியிலோ அவிழ்த்துப்போட்டு, பொழுது சாய்ந்தபின் பூட்டி விடிய விடிய ஓட்டினர். 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி செலுத்திய ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றமையையும், சாலையோரத்தில் ஆலும் புளியும் நட்டு வளர்த்தலைப் பெரியோர் புண்ணியமெனப் போற்றி வந்தமையையும் சேர்த்து நினைத்தால், கோடைக்கு வண்டியைச் சித்தம் செய்கிற வேலையில் பாதியை வண்டிக்காரனும், மற்றப் பாதியைச் சாலையும் ஊராரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது விளங்கும்.

மோட்டார் வண்டியோ குளிர்ந்த தேசத்தில் பிறந்தது. ஆயினும், அதன் முதல் நெடும் பிரயாணமே ஒரு கோடைகாலப் பிரயாணமாகவும், தண்ணீர் தேடிய பிரயாணமாகவும் அமைந்தது வியப்புக்குரியது. 1888 ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸின் மனைவியார் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் நிர்மாணித்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரையில் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் ஓட்டிச் சென்றார். அவ்வண்டியில், தண்ணீர் கொதித்து ஆவியாவதனாலேயே யந்திரத்தின் உஷ்ணம் தணிந்தமையால், நிற்கும் இடமெல்லாம் அதற்குத் தண்ணீர் வார்க்க வேண்டியிருந்தது. பின்னர், 1900-ஆம் ஆண்டை ஒட்டி, வில்ஹெல்ம் மேபாக் என்னும் நிபுணர், தேன்கூட்டைப் போல 8,070 சிறு குழல்களை அடுக்கி, குழல்களினூடே காற்றும் அவற்றின் இடுக்குகளில் தண்ணீரும் செல்லும்படி அமைத்த ரேடியேட்டரை மெர்சிடிஸ் வண்டிக்குப் பூட்டினார். மோட்டார் வண்டி ஓரளவேனும் தாகம் தணிந்து ஓடியது அதற்குப் பிறகுதான்.

சென்னை ராஜதானியில் மோட்டாரின் வரலாறும் தண்ணீரோடு பிணைந்தே தொடங்குகிறது. 1903-இல் சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் சென்னையிலேயே கட்டி ஓட்டிய கார், நீராவியால் இயங்கியது. அதற்குத் தண்ணீரே உயிர். உயர்நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய புகழாளர் நம்பெருமாள் செட்டியார், சென்னையில் முதன்முதலாகக் கார் வைத்திருந்த இந்தியர் என்று பெயர் பெற்றார். 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தென்னாட்டில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார், 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டினார். செல்வர் வீட்டு வாயிலில் நின்ற மோட்டார் இவ்வாறு பாமர ஜனங்களின் வாகனமாக மாறிய அந்தக் காலத்திலேதான், ரேடியேட்டரின் தாகம் ஊரறிந்த விஷயமாயிற்று.

அந்தத் தாகத்தின் காரணத்தைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். பொதுவாக, எரிபொருள் தருகிற உஷ்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு அருகே தண்ணீரின் வழியாக வெளியே போக வேண்டியிருக்கிறது; தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவே ரேடியேட்டரின் சக்தி. தண்ணீர் 90 டிகிரியில் இருக்க, ஐரோப்பாவின் 15 டிகிரிக் காற்றில் 75 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். நம் வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரி வெயிலில் 50 டிகிரி வித்தியாசமே கிடைக்கும். ஆகவே அங்கே குறைவின்றி ஓடின வண்டி, இங்கே வந்ததும், குளிர்விக்கும் சக்தியில் மூன்றிலொரு பங்கை இழந்து நின்றதென்றால், குற்றம் வண்டியினுடையதுமன்று, ஓட்டினவருடையதுமன்று.

அதன்மேலும், 1908 முதல் 1927 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்டு உலகெங்கும் பரவிய ஃபோர்டு டி மாடல் போன்ற வண்டிகளில், மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீரைத் தள்ளும் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே எழும்ப, குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்க, அந்த இயற்கையான சுழற்சியையே நம்பி யந்திரம் ஓடியது. இதில் ஒரு பெரும் அபாயம் இருந்தது. ரேடியேட்டரிலுள்ள தண்ணீர் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், சுழற்சி அடியோடு நின்று, மீதியிருக்கிற தண்ணீரும் கணத்தில் கொதித்துவிடும். இக்காரணத்தால், கித்தான் பையிலோ தகர டின்னிலோ தண்ணீரைச் சுமந்து செல்லுதலும், வண்டி நின்ற இடத்தில் முதலில் மூடியைத் திறந்து பார்த்தலும் அக்காலத்து டிரைவருக்கு நித்திய கர்மமாயின. கித்தான் பையின் வெளிப்புறத்தில் கசியும் ஈரம் காற்றில் உலரும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்துவிடுமாதலால், ஓடும் வண்டியின் வெளியே தொங்கிய அந்தப் பை, யந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே உதவியது.

எந்தத் தண்ணீரை வார்ப்பது என்பதிலும் அநுபவஸ்தர் கண்டிப்பாக இருந்தார்கள். நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்று நம் கிராமத்தார் பிரித்துச் சொல்லுவதை ரேடியேட்டரும் அறியும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை வார்த்து ஓட்டினால், அடுப்பில் வைத்த வெந்நீர்த் தவலையில் படிவது போலக் காறை படிந்து, நுண்ணிய குழல்கள் அடைபட்டுப்போகும். மழை பெய்து நிறைந்த ஊருணியின் தண்ணீர் மேலானது. கொதிக்கிற வண்டியின் மூடியை உடனே திருகலாகாது. ஓரத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, ஈரச்சாக்கைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். காய்ந்த யந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதும், யந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக வார்க்க வேண்டும் என்பதும் புத்தகம் படியாத டிரைவரும் கிளீனரும் குருமுகமாகக் கற்றுக்கொண்ட பாடங்கள்.

இந்தப் பாடங்களுக்கெல்லாம் பரீட்சை மலைப்பாதையிலே நடந்தது. கோடை வந்தால், சென்னை அரசாங்கமே உதகமண்டலத்துக்கு இடம் பெயர்ந்த காலம் அது. மேட்டுப்பாளையத்துச் சமவெளியின் அனலில் ஏற்கெனவே காய்ந்த வண்டி, கல்லாற்றைக் கடந்து குன்னூர் மலையில் ஏறத் தொடங்கும்போது, தாழ்ந்த கியரில் யந்திரம் முழு மூச்சோடு உழைக்க வேண்டும், வேகமோ குறைவு, எதிர்க்காற்றோ இல்லை. போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏறத் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறைந்துவந்து, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93 டிகிரிக்கு அருகிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஆகையால் ஊற்றுத் தண்ணீர் விழும் வளைவுகளெல்லாம் வண்டிகள் இளைப்பாறும் துறைகளாயின. ஆவி சீறும் வண்டி ஓரங்கட்டியதும், கிளீனர் குதித்திறங்கிச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகிவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டு ஓடுவதும், பிரயாணிகள் இறங்கிக் குளிர்காற்று வாங்குவதும், தண்ணீர் வார்த்தபின் அனைவரும் ஏறிப் புறப்படுவதும் மலைப் பிரயாணத்தின் இன்றியமையாத அங்கங்களாக இருந்தன. கல்லாற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டின வண்டிக்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை?

இரண்டாம் உலக மகாயுத்தம் இந்தக் கஷ்டத்தை இரட்டித்தது. பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபின், பஸ்களின் பின்புறத்தில் கரியடுப்புப் போன்ற காஸ் பிளாண்ட் பூட்டப்பட்டு, கட்டைக்கரியின் புகையால் வண்டிகள் ஓடலாயின, முன்சொன்ன சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் அத்தகைய சாதனத்தைத் தயாரித்தனர். பெட்ரோலினும் சக்தி குறைந்த அந்தப் புகையில், யந்திரம் மேடுதோறும் திணறிற்று. முன்னே கொதிக்கும் தண்ணீர், பின்னே எரியும் நெருப்பு, மேலே வெயில் என்று மூன்று அக்கினிகளுக்கு நடுவே ஜனங்களை ஊர் சேர்த்த அந்தக் கால டிரைவர்களையும் கிளீனர்களையும் நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

சுதந்திரத்துக்குப்பின், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடர், நம் குடும்பங்களின் நெடும்பயண வண்டியாயிற்று. பம்பும் விசிறியும், அழுத்தத்தைத் தாங்கும் மூடியும் அதற்குள் வந்துவிட்டன. தண்ணீரை அழுத்தத்தில் அடைத்தால் அது கொதிக்கும் நிலை உயரும். ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரையில் கொதியாது. ஆயினும் சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான அக்கினி நட்சத்திரம் நெருங்குமுன், வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவது நல்ல குடும்பஸ்தரின் வழக்கம். ரேடியேட்டரை இறக்கி அழுக்குப் போக்குதல், ஃபேன் பெல்ட்டின் இறுக்கம் பார்த்தல், வெடித்த ரப்பர்க் குழாய்களை மாற்றுதல், ஆயிலைப் புதுப்பித்தல், சூட்டில் காற்று விரிந்து டயர் வெடிக்காதபடி விடியற்காலையில் அளந்து காற்றுப் பிடித்தல், பாட்டரிக்கு வாலைநீர் வார்த்தல் ஆகியவை பட்டறை வேலை. சுடும் ரெக்ஸின் ஆசனத்தில் வெள்ளைத் துணி விரித்தல், முன்ஜன்னலையொட்டிய முக்கோணக் கண்ணாடியைக் காற்று முகத்தில் படும்படி திருப்பிவைத்தல், கூஜாவில் தண்ணீர் நிரப்புதல் ஆகியவை வீட்டு வேலை. இத்தனையும் செய்து, நக்ஷத்திரங்கள் மறையுமுன்னே புறப்பட்டு, வெயில் ஏறுமுன்னே பாதி வழியைக் கடந்தவர்கள், கட்டை வண்டிக்காரரின் கால சாஸ்திரத்தையே மோட்டாரிலும் கைக்கொண்டவர்கள்.

அதன் பிறகு காலம் விரைவாக மாறிற்று. கிளைக்கால் கலந்த கூலன்ட், கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் காறையையும் தடுத்தது. ததும்பும் நீர் தனித் தொட்டியில் ஒதுங்கி, ஆறியபின் தானே திரும்பியது. ரேடியேட்டர் மூடியைத் தொடாமலே ஆண்டுகள் கழியலாயின. தாகத்தால் தவித்த வண்டிகளைக் கண்ட அதே சென்னையில், பாடியிலுள்ள சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஆலை, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடமிருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் யந்திர வரிசையை வாங்கி, அந்நிறுவனத்துக்கே மூடிகளை அனுப்பத் தொடங்கியது நமக்குப் பெருமையும் நிறைவும் தரும் செய்தி. ஆனால், காருக்குள் வந்த ஏர் கண்டிஷன், தன் உஷ்ணத்தை ரேடியேட்டரின் முன்னிலையிலேயே கொட்டுவதாதலால், பழைய சுமை நீங்கின இடத்தில் புதிய சுமை ஏறியிருக்கிறது. 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வெயில் பதிவானது. யந்திரம் திருந்தியது போல வெயில் திருந்தவில்லை.

இந்த வரலாற்றில் என் உள்ளத்தை உறுத்துவது ஒன்று உண்டு. வண்டிக்கு வேண்டிய தண்ணீரும் குளிர்ச்சியும் வண்டிக்குள்ளேயே அடைபட்ட பிறகு, சாலை தன் பாதிக் கடமையினின்று விடுபட்டதாக நாம் எண்ணிவிட்டோம். நெடுஞ்சாலைகள் விரிவுற்றபோது, தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த புளியமரங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. ஊருணியின் படித்துறையை ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பாரும் இல்லை. வெயிலில் நின்றுபோன வண்டி இன்று நிழலின்றி நிற்கிறது. கண்ணாடி ஏற்றிய மற்ற வண்டிகள் அதைக் கடந்து போகின்றன.

ஆகவே, கோடையில் நெடுவழி செல்லுகிறவர் புறப்படுமுன், யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் தூக்கி, கூலன்ட் அளவையும் பெல்ட்டையும் குழாய்களையும் ஒரு நிமிஷம் கண்ணால் பார்ப்பாராக. பிறகு, ஒரு குடம் நல்ல தண்ணீரை உபரியாக வண்டியில் வைத்துக்கொள்வாராக. தம் வண்டிக்கு அது வேண்டாமற் போகலாம். வழியில், பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் மற்றொருவரைக் கண்டு, வண்டியை நிறுத்தி அந்தக் குடத்தை இறக்கி வைப்பதற்கு அது உதவும். வாங்கிக்கொள்வதும் வேண்டாமென்பதும் அவரவர் இஷ்டம். தண்ணீர் காட்டுவது நம் தர்மம்.