சாபான் என்னும் சொல்

எபிரேய வேதாகமத்திலே சாபான் என்னும் பிராணியின் பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. லேவியராகமமும் உபாகமமும் அதனை உண்ணத்தகாதவற்றுள் ஒன்றாக விலக்குகின்றன. 104ஆம் சங்கீதம் கன்மலைகளை அதன் புகலிடம் என்கின்றது. நீதிமொழிகளின் 30ஆம் அதிகாரமோ, வலிமை குன்றியிருந்தும் பாறையிலே வீடமைக்கும் அதன் அறிவைப் பாராட்டுகின்றது. இத்துணைத் தெளிவான குறிப்புக்கள் இருந்தும், அப்பிராணி யாது என்பது ஐரோப்பியருக்கு நெடுங்காலம் மயக்கமாகவே இருந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவிலே தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, பன்றியைக் குறிக்கும் சொல்லை முதலாகக் கொண்ட ஒரு பெயரை அதற்கு வழங்கிற்று. பின்னர் பெத்லகேமில் வாழ்ந்த எரோம் என்னும் பேரறிஞர் உண்மையை அறிந்திருந்தார். முள்ளெலியினும் பெரிதல்லாததாய், எலியையும் கரடியையும் ஒத்ததாய், பாறைக் குகைகளிலே வாழும் ஒரு பிராணி அந்நாட்டில் மிகுதியாக உண்டு என்று அவர் ஒரு கடிதத்தில் விளக்கியுள்ளார். ஆயினும் அதற்கேற்ற இலத்தீன் சொல் இல்லை. ஆதலின் அவர் மொழிபெயர்ப்பில் அது ஓரிடத்தில் முள்ளெலியாகவும், வேறோரிடத்தில் சிறு முயலாகவும் நின்றது.

லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் குழிமுயலையே குறித்தன. அது இசுப்பானியப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. பண்டைப் பலஸ்தீனத்திற்கு உரியதன்று. மொழிபெயர்த்தோர் தம் நாட்டிலே கண்டதை வேற்றுநாட்டுப் பாறையிலே குடியேற்றினர் எனலாம். தமிழ் வேதாகமத்தின் 'குழிமுசல்' என்னும் சொல்லும் இவ்வழியினதே. ஆனால் சாபான் வளை தோண்டுவதில்லை. பாறை வெடிப்பே அதன் வீடு.

நூலகத்தில் தீராத இவ்வையம் பயணிகளாலே தீர்ந்தது. 1738இல் தோமஸ் ஷோவும், 1790இல் யேம்ஸ் புரூசும் வெளியிட்ட பயண நூல்கள், பாறையில் வாழும் இப்பிராணியே சாபான் எனக் காட்டின. தென்னரேபிய மொழிகளிலே இதற்கு வழங்கும் பெயரும் சாபான் என்பதற்கு இனமான சொல்லே. இன்று ஆங்கிலத்தில் இதனை 'ஹைராக்ஸ்' என்பர். ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளமுடையது, வால் வெளித்தெரியாது, ஈரப்பசையுள்ள உள்ளங்கால்கள் வழுக்குப் பாறையிலும் பற்றி நிற்கும். முயலுக்கு இது உறவன்று. யானையும் கடற்பசுவுமே இதன் நெருங்கிய இனங்கள். இது உண்மையில் அசைபோடும் பிராணியும் அன்று. தாடையை அசைக்கும் பழக்கமே அவ்வாறு தோன்றச் செய்தது என்பர்.

எனினும் பழைய மயக்கம் முற்றாக அகலவில்லை. ஐரோப்பாவிலே முயலாக மாறிய பொருள் எபிரேயத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. இன்றைய எபிரேயப் பேச்சு வழக்கிலே சாபான் என்றால் முயலையே பலர் கருதுவர். சாக்கடல் அருகே ஏன்கேதிப் பாறைகளிலே இன்றும் வெயில் காயும் பழைய சாபானைக் குறிக்கவோ, 'பாறைச் சாபான்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.