அனுமதியா, கைமாற்றமா? உலாவிச் செயலிகளின் கிளிப்போர்டுக் கோளாறுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

உலாவிக்குள் இயங்கும் செயலியில் நகலெடுத்தது ஒட்டவில்லை என்றால் காரணத்தை அனுமதியில் தேட வேண்டும் என்பது இத்துறையில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. இந்த விதி இரண்டு முற்கோள்களின் மேல் நிற்கிறது. கிளிப்போர்டு என்பது இயங்குதளம் பராமரிக்கும் ஒரு சேமிப்பிடம் என்பது முதலாவது. இணையப் பக்கம் அந்தச் சேமிப்பிடத்தை எட்ட முடியாமல் போவதே கோளாறின் இயல்பான வடிவம் என்பது இரண்டாவது. இவற்றை ஏற்றுக்கொண்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகள் சில்லறை விவரங்களாகச் சுருங்கிவிடும். உலாவிகளின் பாதுகாப்புக் கொள்கை ஒன்றே ஆராயத்தக்கதாக எஞ்சும். இரண்டு முற்கோள்களும் தவறானவை என்பது என் வாதம். நகலெடுத்தல் என்பது ஓரிடத்தில் பொருளை வைத்துவிட்டுப் போகும் செயல் அன்று. வெவ்வேறு நேரங்களில் இயங்கும் இரு நிரல்களுக்கிடையே, ஒரு வடிவத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டு நடக்கும் கைமாற்றம் அது. அனுமதிக் கோளாறு என்று வகைப்படுத்தப்படுபவற்றுள் பல, இந்தக் கைமாற்றத்தின் நேரமோ வடிவமோ பிசகியதால் வருபவை.

பழைய வாசிப்பு இவ்வளவு காலம் நிலைத்ததற்குப் பிழைகளுக்கு இடப்பட்ட பெயர் ஒரு முக்கியக் காரணம். கிளிப்போர்டை ஒத்திசைவற்ற முறையில் கையாளும் ரீட்டெக்ஸ்ட், ரைட்டெக்ஸ்ட் போன்ற செயற்கூறுகள் தோற்கும்போது உலாவி பெரும்பாலும் ‘நாட் அலவுடு எரர்’ என்ற பிழையையே திருப்பித் தருகிறது. பயனர் அனுமதி மறுத்தாலும் இதே பெயர்தான். பக்கம் குவியத்தில் இல்லாதபோதும், விசையழுத்தமோ சொடுக்கலோ நிகழ்ந்து சில விநாடிகள் கடந்துவிட்டபோதும், பக்கம் மற்றொரு பக்கத்தின் உட்சட்டகத்தில் இருந்து அச்சட்டகத்துக்கு உரிய கொள்கை வழங்கப்படாதபோதும் இதே பெயர்தான். பிழைப்பெயர்களை எண்ணி வகைப்படுத்தும் எந்த ஆய்வும் இந்த நான்கையும் ஒரே கூடையில் போட்டுவிடும். இதைவிடக் கவலைக்குரியது சோதனை முறையே விளைவை மாற்றிவிடுவது. குரோமின் உருவாக்குநர் கருவிப் பலகையில் ரீட்டெக்ஸ்ட் கட்டளையைத் தட்டி இயக்குபவர், ஆவணம் குவியத்தில் இல்லை என்ற மறுப்பைப் பெறுவார். அந்தக் கணத்தில் குவியம் கருவிப் பலகையில் இருப்பதுதான் காரணம். செயலியில் எந்தக் குறையும் இல்லாமலேயே கோளாறு பதிவாகிவிடுகிறது. பாதுகாப்பற்ற இணைப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நேவிகேட்டரின் கிளிப்போர்டு உறுப்பு அங்கே இருப்பதே இல்லை. கிடைக்கும் பிழையும் வேறு வகையினது. உருவாக்குநரின் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரி பாதுகாப்பானதாகவே கருதப்படுவதால் எல்லாம் ஓடும். அதே செயலியை அலுவலக வலையமைப்பில் வெறும் எண் முகவரியில், எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறந்தால் நகல் பொத்தான் செத்துக் கிடக்கும். இங்கே எவரும் எவருக்கும் எதையும் மறுக்கவில்லை.

இந்தச் சிக்கலின் மையத்தில் இருப்பது டபிள்யூ3சி வெளியிடும் ‘கிளிப்போர்டு ஏபிஐ அண்ட் ஈவண்ட்ஸ்’ என்னும் தரவரையறை. சேமிப்பிட வாசிப்பை முன்வைப்போர் பெரிதும் சார்ந்திருப்பது இதனைத்தான். அவர்கள் கை வைக்கும் பகுதி தெளிவாகவே இருக்கிறது. இயங்குதளக் கிளிப்போர்டு என்பது உருப்படிகளின் பட்டியல்; ஒவ்வொரு உருப்படியும் பல வடிவங்களின் தொகுதி; ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயரும் தரவும் உண்டு. இப்படி வரையறுக்கப்பட்ட ஒன்றைச் சேமிப்பிடம் என்று கொள்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஆனால் அதே ஆவணம் இணையப் பக்கத்தின் தரப்பில் இருக்கும் கிளிப்போர்டு ஐட்டத்தை விவரிக்கும்போது வேறொரு மொழியில் பேசுகிறது. அங்கே வடிவத்தின் உள்ளடக்கம் தரவாக இல்லை, பிராமிஸ் ஆக இருக்கிறது. அதாவது இப்போது கையில் இல்லாத, பின்னர் வந்து சேரும் என்று உறுதி கூறப்பட்ட ஒன்று. ஒரே ஆவணத்தில் ஒரு பக்கம் வைத்த பொருள், மறுபக்கம் கொடுத்த வாக்கு. இந்தச் சமனின்மையை முந்தைய வாசிப்பு கவனியாமல் கடந்திருக்கிறது. கவனித்த சிலரும் அதனை சஃபாரியின் கட்டுப்பாட்டைச் சமாளிக்கச் செய்த வசதியேற்பாடு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. சஃபாரியில் பயனர் பொத்தானை அழுத்திய பிறகு, செயலி சேவையகத்திலிருந்து உரையை வரவழைத்து, வந்ததும் ரைட்டெக்ஸ்டை அழைத்தால் அழைப்பு நிராகரிக்கப்படும். உரை வந்து சேர்வதற்குள் பயனர்செயலின் வலு தீர்ந்துவிடுகிறது. அதே செயலி பொத்தான் அழுத்தப்பட்ட உடனேயே ரைட் என்ற செயற்கூற்றை அழைத்து, கிளிப்போர்டு ஐட்டத்துக்குள் பிராமிஸை வைத்துக் கொடுத்தால் வேலை நடந்துவிடும். இரண்டு முறைகளிலும் பயனர் ஒருவரே, அனுமதி ஒன்றே, உரை ஒன்றே. மாறியது உறுதிமொழி அளிக்கப்பட்ட கணம் மட்டும். இதை வசதியேற்பாடு என்று அழைப்பவர்கள், அந்த வசதி ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியைக் கேட்காமலேயே நின்றுவிடுகிறார்கள். நகலெடுத்தலுக்குக் கால நீட்சி உண்டு, அது ஒரு புள்ளியில் முடிந்துவிடும் செயலன்று என்பதால்தான் தேவைப்பட்டது. ரைட்டெக்ஸ்ட் வெற்றி பெறும்போது திருப்பித் தருவது என்ன என்பதையும் நோக்குக. எதுவுமில்லை, வெறுமை. எந்த வடிவங்கள் போய்ச் சேர்ந்தன, எவை மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது கிடையாது. ஆவணம் இதுவரை பணிவரைவு நிலையைத் தாண்டவில்லை; அதன் சொற்களில் அளவுக்கு மீறிய கனத்தை ஏற்றக்கூடாது என்பதும் சரியே. ஆயினும் வரைவாளர்கள் கைமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இணையத் தரப்பை எழுதினார்கள் என்று கருதுவதற்கு ஆவணத்தின் உள்ளமைப்பே போதிய சான்று.

எனில் இயங்குதளத் தரப்பில் ஆவணம் காட்டும் சேமிப்பிடம் உண்மையில் இருக்கிறதா? லினக்ஸின் எக்ஸ்11 சாளர அமைப்பில் இல்லவே இல்லை. அங்கே நகலெடுக்கும் நிரல் ‘இந்தத் தேர்வின் உரிமையாளர் நான்’ என்று மட்டும் அறிவிக்கிறது. ஒட்ட விரும்பும் நிரல், எந்தெந்த வடிவங்களில் தருவாய் என்று உரிமையாளரைக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்து வாங்கிக்கொள்கிறது. பயனர் கையில் இருப்பது அடகுச் சீட்டு. நகை கடைக்குள்தான் இருக்கிறது. கிளிப்போர்டு மேலாளர் எதுவும் இயங்காத லினக்ஸ் மேசையில், உலாவியில் நகலெடுத்துவிட்டு உலாவியை மூடினால் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாதது இதனால்தான். அதே அமைப்பில் பிரைமரி, கிளிப்போர்டு என இரு தேர்வுகள் தனித்தனியே உள்ளன. சுட்டியால் தேர்ந்தெடுத்து நடுப்பொத்தானால் ஒட்டுபவர் முன்னதைப் பயன்படுத்துகிறார். இணையச் செயலியின் நகல் பொத்தான் பின்னதில் எழுதுகிறது. பொத்தானை அழுத்தியும் பழைய உரையே ஒட்டுகிறது என்ற முறைப்பாட்டில் அனுமதிக்கு எந்தப் பங்கும் இல்லை. எக்ஸ்11 வழக்கொழிந்து வருகிறது, அதை ஏன் இன்னும் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலண்டின் நெறிமுறையைப் படித்துப் பார்க்கலாம். அங்கும் தரவை வைத்திருப்பது மூல நிரலே. கேட்கப்படும்போது கோப்பு விவரிப்பான் ஒன்றின் வழியே அதை எழுதி அனுப்புகிறது. கூடுதலாக, குவியம் பெற்ற நிரலுக்கே கிளிப்போர்டு அறிவிக்கப்படும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது.

விண்டோஸும் மேக்கும் சேமிப்பிட வாசிப்புக்கு அருகில் வருகின்றன என்பது உண்மை. எனினும் முழுதாக வருவதில்லை. விண்டோஸில் ஒரு நிரல் வடிவத்தின் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, உள்ளடக்கத்தைக் கேட்கும்போது தருகிறேன் என்று ஒத்திவைக்கலாம். அந்நிரல் முறையாக மூடப்பட்டால் மிச்சமுள்ளவற்றைத் தந்துவிட்டுப் போகும். நொறுங்கி விழுந்தால் அந்த வடிவங்களும் அதோடு போகும். ஒரு சாளரம் கிளிப்போர்டைத் திறந்து வைத்திருக்கும்வரை மற்றொன்று திறக்க முடியாது என்ற விதியும் உண்டு. தொலைமேசை மென்பொருளோ கிளிப்போர்டு வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருளோ பக்கத்தில் இயங்கும்போது, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுகளுக்கு இவ்விதி ஒரு வேர். மேக்கில் பேஸ்ட்போர்டு சேவையகம் நிரல்களிலிருந்து விலகி நிற்கிறது. ஆயினும் உள்ளடக்கத்தைப் பின்னர் தருவதாக உறுதி கூறும் முறை அங்கும் உண்டு. ஆக, தரவரையறை வருணிக்கும் கெட்டியான சேமிப்பிடம் எந்த இயங்குதளத்தின் உண்மை நிலையுமன்று. மூன்றுக்கும் பொதுவாகப் பேச வேண்டிய கட்டாயத்தில் ஆவணம் செய்துகொண்ட சுருக்கம் அது.

வடிவத்தைப் பேசித் தீர்ப்பதில் வரும் பிசகுகளுக்குத் தமிழ் உரையே நல்ல சான்று தருகிறது. உலாவி வழியாகத் தொலைக் கணினிகளை இயக்கும் கருவிகள் பல ஆர்எஃப்பி நெறிமுறையை நம்பியிருக்கின்றன. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6143 அந்நெறிமுறையை விவரிக்கும்போது, வெட்டிய உரையை ஐஎஸ்ஓ 8859-1 எழுத்துக்குறிகளில் மட்டுமே அனுப்ப இடம் தருகிறது. அதற்கு வெளியே உள்ள எழுத்துகளை அனுப்ப வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது. யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை அமைந்த தமிழ் எழுத்துகள் முழுவதும் அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. பின்னர் வந்த விரிவாக்கம் யூடிஎஃப்-8ஐ அனுமதித்தது என்றாலும், இரு முனைகளும் அதைப் புரிந்துகொண்டால்தான் பயன். இல்லாவிட்டால் உலாவி அனுமதி கொடுத்து, பயனர் ஒப்புக்கொண்டு, பிழைச் செய்தி எதுவும் எழாமலே உரை சிதைந்துபோகும். விண்டோஸின் எச்டிஎம்எல் வடிவமும் இத்தகையதே. அதன் தலைப்பகுதி, துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை பைட் கணக்கில் குறிக்க வேண்டும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கொள்ளும். பைட்டுக்குப் பதில் எழுத்தை எண்ணிவிட்ட நிரல் தரும் உரை ஆங்கிலத்தில் முழுமையாகவும் தமிழில் நடுவில் அறுந்தும் ஒட்டப்படும். இதைச் சோதித்த ஆங்கில உருவாக்குநருக்குக் கோளாறு கண்ணில் படவே படாது.

உலாவிக்குள்ளேயும் ஒரே உள்ளடக்கம் இரு வழிகளில் இரு விதமாகக் கிடைக்கிறது. குரோமில் பயனர் விசைப்பலகையால் ஒட்டும்போது எழும் பேஸ்ட் நிகழ்வின் வழியே எச்டிஎம்எல் ஏறக்குறைய மூலத்தில் இருந்தபடியே வருகிறது. செயலி தன் பட்டியில் உள்ள ‘ஒட்டு’ கட்டளையால் ரீட் என்ற செயற்கூற்றை அழைத்தால், உலாவி அதைத் துப்புரவாக்கிய பிறகே தருகிறது. விரிதாளிலிருந்து நகலெடுத்த அட்டவணை விசையால் ஒட்டும்போது அழகோடும், பட்டியால் ஒட்டும்போது மொட்டையாகவும் வருவது இவ்வாறே. சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ரீட் அழைக்கப்பட்டதும் ‘ஒட்டு’ என்ற சிறு குமிழ் தோன்றிப் பயனரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் கிளிப்போர்டில் இருப்பது அதே தளத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால் குமிழ் தோன்றுவதில்லை. தன் செயலிக்குள்ளேயே நகலெடுத்து ஒட்டிப் பார்க்கும் உருவாக்குநர் குமிழைச் சந்திப்பதே இல்லை. வேறு மென்பொருளிலிருந்து நகலெடுத்து வரும் பயனரே சந்திக்கிறார். பெறுபவருக்கு என்ன நேரும் என்பதைக் கொடுத்தவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. சேமிப்பிட வாசிப்பில் இதற்கு இடமே கிடையாது.

அனுமதி மறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரோமில் தளத்துக்கான அனுமதி ஒருமுறை தடுக்கப்பட்டுவிட்டால், அமைப்பில் போய் மாற்றும்வரை ரீட் தோற்றுக்கொண்டே இருக்கும். கிளிப்போர்டு மேலாளர்கள் பரவலாக இருப்பதால் உரிமையாளர் மறையும் சிக்கல் நடைமுறையில் அரிது என்ற மறுப்பும் உண்டு. மேலாளர் கேட்டு வாங்கி வைக்காத வடிவங்களை அது காப்பாற்றாது என்பதே அதற்குப் போதுமான பதில். கண்டறிதல் முறையைப் பொறுத்தவரை, என் வாதம் கோருவது சோதனையின் வரிசையை மாற்றுவதைத்தான். அனுமதிப் பக்கத்தைத் திறக்குமுன் கைமாற்றத்தை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். செயலியில் நகலெடுத்ததை உலாவிக்கு வெளியே, நோட்பேட் போன்ற வெற்றுரைத் தொகுப்பியில் ஒட்டுவது முதல் படி. அது நடந்தால் கொடுக்கும் பாதியில் வெற்றுரை வரை குறையில்லை. பிறகு தொகுப்பியிலிருந்து எடுத்ததைச் செயலியில் முதலில் விசையாலும் அடுத்துப் பட்டியாலும் ஒட்ட வேண்டும். விசையால் ஒட்டி, பட்டியால் ஒட்டாமல் போனால்தான் அனுமதியையும் குவியத்தையும் பயனர்செயலின் வயதையும் ஐயுற வேண்டும். மூன்று படிகளிலும் ஒரு தமிழ் வரியாவது இருக்க வேண்டும். வெறும் ஆங்கில எழுத்துகளால் செய்த சோதனை வடிவப் பிசகுகளைக் காட்டிக்கொடுக்காது.

தரவரையறையும் தன் பங்குக்கு, ‘நாட் அலவுடு எரர்’ என்ற ஒரே பெயரில் அடங்கும் நான்கு காரணங்களையும் வெவ்வேறு பிழைகளாகப் பிரிக்கலாம். அவ்வாறு பிரித்தால் தீய பக்கங்களுக்குத் தகவல் கசியும் என்ற தடை இதற்குச் சொல்லப்படுகிறது. பாதுகாப்பு சார்ந்த தடை என்பதால் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பக்கங்கள் இப்போதே எதையெல்லாம் கேட்டறிய முடியும் என்று பார்த்தால் அதன் வலு குறைந்துவிடுகிறது. ஆவணம் குவியத்தில் உள்ளதா என்பதை ஹேஸ்ஃபோகஸ் சொல்லிவிடும். பயனர்செயல் இன்னும் உயிரோடு உள்ளதா என்பதை யூசர்ஆக்டிவேஷன் சொல்லிவிடும். குரோமியம் வழி உலாவிகளில் அனுமதியின் நிலையையே நேரடியாகக் கேட்டுவிடலாம். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இந்த மூன்றாவதற்கு விடை சொல்வதில்லை. அவற்றிலும் முதல் இரண்டைப் பிழைச் செய்தியில் பிரித்துச் சொல்வதால், தாக்குபவருக்கு ஏற்கெனவே தெரியாத எதுவும் புதிதாகக் கிடைக்கப்போவதில்லை.