ப. சுப்பராயன்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் (1889–1962), 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். கொங்கு நாட்டிலிருந்து அப்பதவிக்கு வந்த முதலாமவர் அவரே. 'ஆளுநரின் கைப்பாவை' என்று அவரை ஒதுக்கிவிடும் வழக்கம் இன்றும் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1926 தேர்தலில் 41 இடங்களை வென்ற சுயராஜ்யக் கட்சி, இரட்டை ஆட்சியில் பதவி ஏற்க மறுத்தது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை 21 இடங்கள்தாம். இந்நிலையில் ஆளுநர் கோஷன், எக்கட்சியையும் சாராத சுப்பராயனை அழைத்து, நியமன உறுப்பினர்களின் வாக்குகளால் அவருக்கு முட்டுக் கொடுத்தார். 1928இல் சைமன் குழுவைப் புறக்கணிக்கும் விவகாரத்தில் அவருடைய இரு அமைச்சர்கள் விலகியபோதும், நீதிக்கட்சியின் ஆதரவோடு அவர் பதவியில் நீடித்தார். அது அவர் வாழ்வின் பெரிய சறுக்கல் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த விலகலால் காலியான இடத்துக்கு வந்த எஸ். முத்தையா முதலியார்தான் அதே ஆண்டு வகுப்புவாரி ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு அரசுப் பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகிய மூன்று பிரிவுகளுக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என்று அது பங்கிட்டது. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதான பணியாளர் தேர்வாணையமும் 1929இல் இங்கேதான் அமைந்தது. 'இவை நீதிக்கட்சியின் ஆதரவுக்குக் கொடுத்த விலை. சுப்பராயனுக்கு இதில் என்ன பங்கு?' என்று கேட்கலாம். ஆதரவின் தேவை இருந்தது உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், பதவி போனபின் அவர் செய்ததை விளக்க முடியாது. 1932இல், வெறும் உறுப்பினராக, தாழ்த்தப்பட்டோர் கோயில் நுழைவுக்கான தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதைச் சட்டமாக்க அவர் எழுதிய மசோதாவுக்கு 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்தார். கைப்பாவை என்று சொல்லப்பட்டவரை ஆங்கில அரசே தடுத்தது.

பின்னர் காங்கிரசில் சேர்ந்து 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். கோயில் நுழைவுக்கு 1939இல் வழி திறந்தது அந்த அமைச்சரவையே. விடுதலைக்குப் பின் இந்தோனேசியாவில் தூதராகவும் மத்தியப் போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தார். 1957 மக்களவையில் தந்தை திருச்செங்கோட்டின் காங்கிரஸ் உறுப்பினர், மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் உறுப்பினர். மகாராஷ்டிர ஆளுநராக இருக்கையில் 1962 அக்டோபர் 6 அன்று சுப்பராயன் காலமானார்.