கீழ்வாயிலக்கமும் சிறுவர் கல்வியும்

8 என்னும் எண் 4இனும் பெரிதாகலின், 1/8 உம் 1/4இனும் பெரிதென இளஞ்சிறார் பலர் மயங்குவர். பழைய தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளி மாணவனுக்கு இம்மயக்கத்திற்கு இடம் குறைவு. அவன் கற்ற எண்சுவடியிலே பின்னங்கள் தனிப்பெயர் பெற்றிருந்தன. ஒன்றை 320 கூறிட்டால் ஒரு கூறு முந்திரி. 4 முந்திரி ஒரு காணி. 4 காணி ஒரு மா. 20 மா ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அஃதாவது, 1/20 உம் 1/80 உம் கூடிய 1/16. பெயரே கூட்டற் கணக்காய் அமைந்தமை காண்க. பொதுப் பகுதியெண் தேடாமலே, 4 காணியும் 1 காணியும் 5 காணி என அவன் எண்ணிவிடலாம். நெல்லிலக்கத்திலோ அரை நாழி உரி, கால் நாழி உழக்கு, அரைக்கால் நாழி ஆழாக்கு எனப் பின்னங்கள் முகத்தலளவைகளாகவே கண்முன் நின்றன.

ஆயினும் இம்முறையிற் குறைகளும் உள. 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆதலின் மூன்றிலொன்றை இதனாற் சரியாகக் குறித்தல் இயலாது. மனனமே முதன்மை பெற்றமையால், பொருளுணராது ஒப்பித்தலுக்கும் இடமுண்டாயிற்று.

எப்பின்னத்தையும் எழுதவல்ல தொகுதியெண், பகுதியெண் முறையே இன்று வேண்டுவது. எனினும், அதனைக் கரும்பலகையில் எழுதுமுன் அளவையைக் குழந்தையின் கையிற் கொடுத்தல் நன்று. உழக்கால் நான்கு முறையும், ஆழாக்கால் எட்டு முறையும் முகந்து நாழியை நிரப்பிய குழந்தை, 1/8 சிறிதென்பதைப் பிறர் சொல்லாமலே அறியும்.