நாளந்தாவில் ஒரு சீன மாணவர்

நாளந்தா என்றதும் யுவான் சுவாங்கின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். மன்னர்கள் எதிர்கொண்டு போற்றிய பேரறிஞர் அவர். அவர் 645ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பி ஒரு தலைமுறை கழிந்தபின், அதே கலைக்கூடத்தில் ஏறக்குறைய 10 ஆண்டுகள் தங்கிப் பயின்ற மற்றொரு சீனத் துறவி இட்சிங் என்பார். யுவான் சுவாங்கைப் போல நாடுகளையும் நகரங்களையும் வருணிக்கும் நோக்கம் இவருக்கு இல்லை. மாணாக்கர் எப்போது நீராடினர், எதை உண்டனர், எந்த வயதில் எந்த இலக்கண நூலை நெட்டுருச் செய்தனர் என்பவையே இவருடைய ஏட்டில் மிகுதி. பழங்கால மாணவ வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு யுவான் சுவாங்கைக் காட்டிலும் இவரே பெருந்துணை ஆவார்.

இட்சிங் பிறந்தது 635இல். இளமையிலேயே துறவு பூண்டவர். பாரதம் செல்லும் எண்ணம் எழுந்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர் முதியவர். தம் முதுமையைக் காட்டி மாணவரைத் தடுக்காமல், இத்தகைய வாய்ப்பு மறுமுறை வாராது, திரும்பிப் பாராமல் செல் என்று அவர் விடை கொடுத்தார். முன்னரே மறைந்துவிட்ட மற்றோர் ஆசிரியரின் கல்லறைக்கும் சென்று வணங்கி விடைபெற்றுக்கொண்டு இட்சிங் புறப்பட்டார். உடன் வருவதாகச் சொன்ன தோழர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். 671இல், இன்று குவாங்சௌ என வழங்கும் காண்டன் துறைமுகத்தில் கப்பலேறியபோது இளந்துறவி ஒருவரே துணை. அவரும் நோயுற்று, ஸ்ரீவிஜயத்தோடு ஊர் திரும்பிவிட்டார்.

ஸ்ரீவிஜயம் என்பது சுமத்திராத் தீவில் இன்றைய பலெம்பாங் நகரை அடுத்திருந்த பேரரசு. இட்சிங் அங்கே 6 மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அந்த நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் இருந்தனர் என்றும், அவர்களுடைய ஒழுக்கமும் கல்வியும் வடபாரதத்தில் உள்ளவை போன்றவையே என்றும் அவர் குறிக்கின்றார். மேற்கே படிக்கச் செல்லும் சீனத் துறவியர் இங்கே ஓரிரு ஆண்டு தங்கிப் பழகிக்கொண்டு போவதே நலம் என்பது பிற்காலத்தில் அவர் கூறிய அறிவுரை. மலாய்த் தீவுகள் வணிகக் கப்பல்கள் தங்கிச் செல்லும் துறைகளாக மட்டும் இருந்தன என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். நாளந்தாவுக்குச் செல்வோர்க்கு அவை ஆயத்தப் பள்ளியாகவும் விளங்கின.

அங்கிருந்து மலாயு என்னும் ஊருக்கும், பின்னர் அவர் கிய-சா எனக் குறிக்கும் துறைக்கும் சென்றார். கிய-சா என்பது கெடாவே என ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்வர். தமிழர் கடாரம் என வழங்கிய ஊர் அது. அரசனுடைய கப்பலில் கெடாவை விட்டுப் புறப்பட்டுப் பத்து நாள்களுக்கு மேல் வடக்கே சென்றபோது, ஆடையற்ற மக்கள் வாழும் தீவுகள் தென்பட்டன. இன்றைய நிக்கோபார் எனக் கருதப்படும் அத்தீவுகளின் மக்கள் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு ஓடங்களில் வந்து கப்பலை மொய்த்தனர். அவர்கள் வேண்டியது இரும்பு ஒன்றே. இரண்டு விரலளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்ததாம்! 673ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வங்கக் கரையிலிருந்த தாமிரலிப்தித் துறைமுகத்தில் இட்சிங் இறங்கினார்.

இறங்கியதும் நாளந்தாவுக்கு ஓடவில்லை. 12 ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்த மகாயானப் பிரதீபர் என்னும் சீனத் துறவியிடம் ஓராண்டு தங்கி மீண்டும் மொழியே கற்றார். மறு ஆண்டு, வணிகர் கூட்டத்தோடு இருவரும் உள்நாடு நோக்கிப் புறப்பட்டனர். வழியில், மலையும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் இட்சிங்குக்குக் காய்ச்சல் கண்டது. சிறிது தூரம் நடப்பதற்குள் நூறு முறை நிற்க வேண்டியதாயிற்று. கூட்டம் முன்னே போய்விட்டது. மாலையில் கள்வர் வில்லோடு வந்து சூழ்ந்து, மேலாடையும் உள்ளாடையும் அரைக்கச்சும் பறித்துக்கொண்டு போயினர். வெளிறிய நிறத்தவரைப் பிடித்தால் தெய்வத்துக்குப் பலியிடுவர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே சேற்றுக்குழியில் இறங்கி உடல் முழுதும் சேற்றைப் பூசி, இலைகளால் மானத்தை மறைத்து, கோலூன்றி நடந்தார். இரவு இரண்டாம் யாமத்தில் ஊர்ப்புறத்தை அணுகியபோது, தம் பெயர் சொல்லி உரக்க அழைக்கும் குரல் கேட்டது. ஊருக்குள் தங்கியிராமல் வெளியே வந்து நின்று கூவிக்கொண்டிருந்தவர் மகாயானப் பிரதீபரே. அவர் கொடுத்த ஆடையை வாங்கி, குளத்தில் உடலைக் கழுவிக்கொண்ட பின்னரே இட்சிங் ஊருக்குள் நுழைந்தார்.

அவர் கண்ட நாளந்தாவில் எட்டு மண்டபங்களும் முந்நூறு அறைகளும் இருந்தன. துறவியர் மூவாயிரவர்க்கு மேல். பல தலைமுறை மன்னர் அளித்த இருநூற்றுக்கு மேற்பட்ட ஊர்களின் விளைவு அவர்களைத் தாங்கிற்று. இவ்வளவு பேரை நாள்தோறும் ஓரிடத்தில் கூட்டி வழிபாடு நடத்த இயலாது. ஆதலின் மாலைதோறும் பாடகர் ஒருவர் மண்டபம் மண்டபமாகச் சென்று துதி பாடி வந்தார். நறும்புகையும் மலரும் ஏந்தியோர் அவர்க்கு முன் சென்றனர்.

காலத்தை அளந்தது நீர்க்கடிகாரம். பெரிய நீர்ப்பாத்திரத்தில் ஊசித்துளையிட்ட செப்புக் கிண்ணம் மிதக்கும். அது நிறைந்து மூழ்குந்தோறும் முரசு ஒலிக்கும். பழந்தமிழ் நூல்களில் நாழிகைக் கணக்கரைக் கண்டவர்க்கு இது புதிதன்று. நண்பகல் முரசு ஒலித்தபின் உண்பவன் வெளியேற்றப்பட்டான் என்பதுதான் புதிது! காலையில் மணி அடித்ததும் நீராட்டுத் துணியோடு நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் பேராகவும், சுற்றிலுமிருந்த பத்துக்கு மேற்பட்ட பெருங்குளங்களை நோக்கித் துறவியர் சென்றனர். உண்ட பின் குளித்தல் கூடாது, பசித்திருக்கும்போதே குளித்தல் வேண்டும் என்பதை இட்சிங் வற்புறுத்தி எழுதுகின்றார். நம் பாட்டிமார் சொல்வதும் அதுதானே! சீனத்தில் காய்களையும் மீனையும் பெரும்பாலும் வேகவைக்காமல் உண்கின்றனர், இங்கோ நன்கு வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் சேர்க்கின்றனர் என்றும் ஒப்பிடுகின்றார். வெங்காயம் மட்டும் இங்கே விலக்கு. அதன்மேல் தமக்கு அவ்வப்போது ஆசை எழுந்ததை அவர் மறைக்கவில்லை.

ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இலக்கணக் கல்வியைப் பற்றியது. பிள்ளைகள் 6 வயதில் நெடுங்கணக்கு தொடங்கி 6 மாதத்தில் முடிப்பர். 8 வயதில் பாணினியின் சூத்திரங்களை எட்டே மாதத்தில் மனப்பாடம் செய்வர். 10 வயதில் வினையடி, பெயர்த்திரிபு முதலியவற்றுக்கு மூன்றாண்டு. 15 வயதில் சூத்திரங்களின் உரையைத் தொடங்கி ஐந்தாண்டு. அதற்கு மேல் பதஞ்சலியின் பேருரையும் பர்த்ருஹரியின் நூல்களும். நன்னூலையும் நிகண்டையும் திண்ணையில் நெட்டுருச் செய்த தலைமுறைக்கு இந்த ஒழுங்கு விளங்கும். இட்சிங்கோ நாளந்தாவை அடைந்தபோது நாற்பதை எட்டியவர். ஆறு வயதுப் பிள்ளை தொடங்கும் பாடத்தை அவர் அந்த வயதில் வேற்று மொழியில் பயின்றார். இலக்கணம் கல்லாமல் பாரதத்தில் படிக்க வருபவரின் உழைப்பு வீணாகும் என்று அவர் எழுதியது பட்டறிவாலேயே எனலாம்.

அவர் கூறுவன அனைத்தையும் அப்படியே கொள்ளலும் ஆகாது. பர்த்ருஹரி இறந்து நாற்பது ஆண்டே ஆயிற்று என்கின்றார். அந்த இலக்கண ஆசிரியர் அதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டு முந்தியவர் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் முடிவு. செவிவழிச் செய்தியில் தவறு நேர்ந்திருக்கலாம். கண்ணால் கண்டு எழுதிய குளத்துக்கும் கடிகாரத்துக்கும் இந்த ஐயம் இல்லை.

685இல் நூற்சுமையோடு புறப்பட்டார். தாமிரலிப்தியை அடையுமுன் மீண்டும் கள்வர். இம்முறை வாளுக்குத் தப்பியதே அரிது. ஆயினும் நூல்கள் தப்பின. ஐந்து இலட்சம் சுலோக அளவுடைய அந்த ஏடுகளோடு மீண்டும் கெடா வழியாக ஸ்ரீவிஜயம் வந்து மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். படியெடுக்கத் தாளும் மையும் போதவில்லை. 689இல், அவற்றை அனுப்புமாறு காண்டனுக்குக் கடிதம் கொடுப்பதற்காக ஆற்றுமுகத்தில் நின்ற கப்பலில் ஏறினார். அந்த நேரம் பார்த்துக் காற்று சாதகமாக வீச, வணிகர் பாயை விரித்துவிட்டனர். கடிதம் கொடுக்கச் சென்றவரே காண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்! பதினெட்டு ஆண்டு பிரிந்திருந்த தாய்நாட்டில் கால் வைத்தும் அவர் மனம் அங்கே நிற்கவில்லை. ஏடுகள் எல்லாம் ஸ்ரீவிஜயத்தில் அல்லவா கிடந்தன? அந்த ஆண்டு முடியுமுன்னரே துணைவர் நால்வரை அழைத்துக்கொண்டு மீண்டும் கப்பலேறினார்.

மொழிபெயர்ப்புக்கு இடையில் அங்கே இரண்டு நூல்களை எழுதி, 691இல் ஊர் திரும்பிய ஒரு துறவியிடம் கொடுத்தனுப்பினார். ஒன்று மேலே கூறிய வாழ்க்கைக் குறிப்பு. மற்றொன்று, தம்மைப் போலவே கல்வி நாடி மேற்கே சென்ற 56 துறவியரின் வரலாறு. அதில் ஊர் திரும்பியவரைவிடத் திரும்பாதவரே மிகுதி. அந்நூலில் வரும் வூ-சிங் என்பவர் கெடாவிலிருந்து 30 நாள் கடலோடி நாகப்பட்டினம் சேர்ந்து, இலங்கை வழியாக நாளந்தாவுக்குச் சென்றவர். இட்சிங் புறப்பட்டபோது ஆறு யோசனை தூரம் உடன்வந்து வழியனுப்பியவரும் அவரே. இரவில் ஊர்ப்புறத்தில் நின்று கூவிய மகாயானப் பிரதீபர் குசிநகரத்தில் இறந்தார்.

695இல் இட்சிங் லோயாங் நகரம் திரும்பியபோது பேரரசி வூ தாமே கிழக்கு வாயிலுக்கு வந்து வரவேற்றார். 713இல் இறப்பதற்குள் அவர் 56 நூல்களைச் சீனமொழியில் ஆக்கினார்.

அந்த 56 துறவியருள் ஒருவர் கொரியாவின் சில்லா நாட்டு ஹுயியே. இட்சிங் அவரை நேரில் கண்டதில்லை. நாளந்தாவில் ஒரு நாள் சீன ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நூலின் அடியில், பல்குச்சி மரத்தின்கீழ் இருந்து சில்லா துறவி ஹுயியே எழுதியது என்னும் குறிப்பைக் கண்டார். அங்கிருந்த துறவியரை வினவினார். அவர் இங்கேயே இறந்துவிட்டார், அறுபது வயதை ஒட்டி இருக்கும் என்றனர். அவர் படியெடுத்த வடமொழி ஏடுகள் அனைத்தும் நாளந்தாவிலேயே இருந்தன.