ஐ.என்.எஸ். டெல்லி (சி74)

ஐ.என்.எஸ். டெல்லி, 1933 முதல் 1978 வரை பிரிட்டன், நியூசிலாந்து, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் கடற்படைகளில் பணியாற்றிய இலகு ரகக் குரூசர் போர்க்கப்பல். இதன் முதல் பெயர் அக்கிலிஸ். 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் நடந்த ரிவர் பிளேட் சண்டை இதற்கு உலகப் புகழைத் தந்தது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையின் முதல் கொடிக்கப்பலாக இருந்ததும் இதுவே. பழைய போர்க்கப்பலைப் பிற நாடுகளுக்கு விற்பது அக்காலத்தில் வழக்கமான காரியம்தான். ஆனால் இரண்டு இளம் கடற்படைகள் அடுத்தடுத்து ஒரே கப்பலில் தொழில் கற்று, தங்கள் தலைவர்களையும் அதிலிருந்தே பெற்றது அபூர்வம்.

கட்டுமானம்

லியாண்டர் வகையைச் சேர்ந்த இக்கப்பல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் உள்ள கேமல் லேர்ட் தளத்தில் கட்டப்பட்டு, 1932 செப்டம்பர் 1 அன்று கடலில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 169 மீட்டர், எடை ஏறத்தாழ 7,000 டன், வேகம் மணிக்கு 32 கடல் மைலுக்குச் சற்று மேல். நான்கு சுழல் மேடைகளில் இரண்டிரண்டாக எட்டு 6 அங்குலப் பீரங்கிகளும், எட்டு டார்பிடோ குழாய்களும் இருந்தன. 1933 அக்டோபரில் பணியில் சேர்ந்த கப்பலைச் சில ஆண்டுகளில் பிரிட்டன் தன் கடற்படையின் நியூசிலாந்துப் பிரிவுக்கு அனுப்பியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நியூசிலாந்துக்காரர்கள்.

ரிவர் பிளேட் சண்டை

ஜெர்மனியின் அட்மிரல் கிராஃப் ஸ்பே போர்க்கப்பல் 1939இன் பிற்பகுதியில் ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்திருந்தது. அதன் 11 அங்குலப் பீரங்கிகள் ஆறுக்கும் ஈடுகொடுக்கும் பீரங்கி, அதைத் தேடிச் சென்ற குரூசர்களான எக்செட்டர், அஜாக்ஸ், அக்கிலிஸ் மூன்றிலும் இல்லை. டிசம்பர் 13 காலை ஆறு மணிக்குப் பின் எதிரி தென்பட்டதும், கொமோடோர் ஹென்றி ஹார்வுட் தன் படையைப் பிரித்தார். எக்செட்டர் ஒரு பக்கம் போக, அஜாக்சும் அக்கிலிசும் மறுபக்கம் விரைந்தன. எந்தப் பக்கம் சுடுவது என்று எதிரியைத் தடுமாற வைப்பதே திட்டம்.

எக்செட்டர் மிகக் கடுமையாக அடிபட்டது. அதில் 61 பேர் இறந்தனர். அக்கிலிசின் அருகே வெடித்த குண்டின் சிதறல்கள், பீரங்கிகளை இயக்கும் குறிபார்ப்புக் கூண்டைத் துளைத்தன. நால்வர் மாண்டனர். கேப்டன் எட்வர்ட் பாரிக்குக் காலில் காயம். பீரங்கி அதிகாரி ரிச்சர்ட் வாஷ்போர்ன் தலையில் அடிபட்டும் இடத்தைவிட்டு அகலவில்லை. இறந்த தோழர்களின் பக்கத்திலேயே இருந்து கூண்டிலிருந்தவர்கள் கணக்குப் போட்டுக் கொடுக்க, கப்பல் தொடர்ந்து சுட்டது. ரிவர் பிளேட்டைப் பற்றி எழுதுவோர் ஹார்வுட்டின் வியூகத்தையே பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தக் கூண்டுக்குள் நடந்ததற்கும் அதே அளவு இடம் தர வேண்டும். சிறு பீரங்கிகள் ஓயாமல் சுட்டதால்தான் அந்த வியூகம் பலித்தது.

சேதமுற்ற கிராஃப் ஸ்பே, நடுநிலை நாடான உருகுவேயின் மான்டிவிடியோ துறைமுகத்தில் தஞ்சம் புகுந்தது. வெளியேற 72 மணி நேரமே கிடைத்தது. வெளியே பெரும் படை திரண்டுவிட்டதாக நம்பிய கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப், டிசம்பர் 17 அன்று தன் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். சில நாட்களில் பியூனஸ் ஐரஸ் நகரில் தற்கொலை செய்துகொண்டார். சண்டையில் நியூசிலாந்துக் கொடியை ஏற்றிப் போரிட்ட அக்கிலிஸ், 1940 பிப்ரவரியில் ஆக்லாந்து திரும்பியபோது மக்கள் வெள்ளம் வரவேற்றது.

பசிபிக் போர்

1941 அக்டோபர் 1 அன்று நியூசிலாந்துக்குத் தனிக் கடற்படை அமைந்ததும் கப்பல் அதில் சேர்ந்தது. 1943 ஜனவரி 5 அன்று குவாடல்கனால் தீவருகே ஜப்பானிய விமானக் குண்டு பின்புறச் சுழல் மேடை ஒன்றின் கூரையைப் பெயர்த்தது. அதிலிருந்த மாலுமிகள் பலர் மாண்டனர். பழுதுபார்க்க போர்ட்ஸ்மவுத் சென்ற இடத்தில், ஜூன் 22 அன்று கப்பலின் அடித்தளத் தொட்டியில் ஏற்பட்ட வெடிப்பு 14 தளத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. சிதைந்த மேடை திரும்பப் பொருத்தப்படவில்லை. அந்த இடத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வைக்கப்பட்டதால், பெரிய பீரங்கிகள் ஆறாகக் குறைந்தன. 1945இல் பிரிட்டிஷ் பசிபிக் படையணியில் பணியாற்றிவிட்டு, மறு ஆண்டு பிரிட்டனிடம் திரும்பியது.

இந்தியக் கடற்படையில்

1948 ஜூலை 5 அன்று டெல்லி என்ற பெயரில் இந்தியக் கொடி ஏறியது. செப்டம்பரில் கப்பல் பம்பாய் வந்தது. அப்போது இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி வேறு யாருமல்ல, ரிவர் பிளேட்டில் இதே கப்பலின் தளத்தில் காயம்பட்டு நின்ற எட்வர்ட் பாரிதான். 1948 முதல் 1951 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

கப்பலின் முதல் கேப்டனும் ஆங்கிலேயரே. ஆனால் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியாக இருந்தவர் செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி. 1958இல் கடற்படைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவர். பின்னாளில் தலைமைத் தளபதிகளான ஏ. கே. சட்டர்ஜி, 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது கடற்படையை வழிநடத்திய எஸ். எம். நந்தா ஆகியோரும் டெல்லியில் பணியாற்றியவர்கள். பெரிய கப்பலை நடத்தவும், படையணியாகச் சேர்ந்து இயங்கவும், நூற்றுக்கணக்கானோரை ஒரே ஒழுங்கில் வைத்திருக்கவும் அந்தத் தலைமுறை கற்ற இடம் இது.

1950இல் பிரதமர் நேரு இக்கப்பலில் இந்தோனேசியா சென்றார். 1953இல் பிரிட்டிஷ் அரசியின் முடிசூட்டு விழாக் கடற்படை அணிவகுப்பில் கப்பல் கலந்துகொண்டது. 1956இல் வெளிவந்த, மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் இயக்கிய ரிவர் பிளேட் சண்டை பற்றிய திரைப்படத்தில், அக்கிலிசாக அக்கிலிசே தோன்றியது.

1957இல் மைசூர் என்னும் பெரிய குரூசர் வந்து சேர்ந்தது. அதுவும் பிரிட்டனிடமிருந்து வாங்கியதே. ஆனாலும் டெல்லியின் பீரங்கிகளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. 1961 டிசம்பரில் கோவாவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து மீட்ட நடவடிக்கையின்போது, டையூ கோட்டையிலிருந்த போர்த்துக்கீசியர் மீது சுட்டு, இந்தியத் தரைப்படைக்குத் துணை நின்றது. அப்போது கட்டாரியே தலைமைத் தளபதி.

ஓய்வு

பிற்காலத்தில் பயிற்சிக் கப்பலாக இருந்தபோது, 1969இல் நியூசிலாந்துக்குக் கடைசியாகச் சென்றுவந்தது. 1978 ஜூன் 30 அன்று பம்பாயில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. சுழல் பீரங்கி மேடைகளில் ஒன்றை இந்தியா நியூசிலாந்துக்கு அன்பளிப்பாக வழங்கியது. ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தள வாயிலில் அது நிறுவப்பட்டது. டெல்லி என்ற பெயர், 1997இல் பணியில் சேர்ந்த, பம்பாய் மசகான் தளத்தில் இந்தியாவே கட்டிய நாசகாரிக் கப்பலுக்குச் சூட்டப்பட்டது.