பலகைக்கும் பலகைக்கும் இடையே

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. மஹ்மூத் பந்தர் என வழங்கிய அத்துறையிலிருந்து நம் முன்னோர் அச்சே, கெடா, மலாக்கா வரை கப்பல் விட்டனர். கப்பல் உடைய மரக்காயர்களுள் சிலரின் பெயர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆவணங்களில் எஞ்சியுள்ளன. அக்கப்பல்களுக்குள் நீர் புகாமல் காத்த கைவினைஞரை யார் எழுதி வைத்தார்? அவர்களது தொழிலுக்கு மட்டும் ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது: கலப்பற்று.

போர்ச்சுக்கீசியத்தில் கலஃபாத்தே, அரபியில் கல்ஃபத. எம்மொழி எதனிடம் பெற்றது என்பதில் அறிஞர் ஒன்றுபடவில்லை. துறைமுகச் சொற்களுக்கு அது இயல்பே.

மரக்கலத்தின் உயிர் பலகையில் இல்லை, பலகைகளின் இடுக்கில் இருக்கிறது. கலத்தைக் கரையேற்றி நன்கு உலர்த்த வேண்டும். ஈரமரம் எண்ணெயை ஏற்காது. பழைய பூச்சைச் சுரண்டியபின், முறுக்கிய நாரையோ பஞ்சுத்திரியையோ கலப்பற்றுளியால் இடுக்கில் அடித்து இறுக்குவர். இங்கேதான் கைப்பக்குவம் தேவை. தளர்ந்தால் நீர் புகும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ, கடலில் ஊறிப் பருக்கும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிச் சட்டத்தை வருத்தும். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சூடாகப் பூசுவர். நீர்மட்டத்துக்குக் கீழே, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவுக்கு அஞ்சிச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசும் வழக்கமும் இந்தியத் துறைகளில் இருந்தது.

ஆணியின்றிக் கயிற்றால் தைத்த கலங்களும் உண்டு. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு அவ்வகையே. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடலில் தென்னை நாரால் தைத்த மரக்கலங்களைக் கண்டு எழுதினார். நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றை அவற்றுக்குப் பூசுவர் என்றும், சுறா எண்ணெயே சிறந்தது என்றும் குறித்தார். மரம் இளகி நெகிழ்ந்தால், பவளப்பாறையில் மோதும்போது எளிதில் உடையாது என்பது காரணம்.

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளும் ‘துஸுர்’களும் கொண்டதாகத் திருமறை (54:13) குறிப்பிடுகிறது. அச்சொல்லுக்கு ஆணிகள் என்றே பலர் பொருள் கொண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்றாரும் உளர். தையல்கலம் கண்ட கடற்கரையாருக்கு இரண்டாம் பொருள் வியப்பளிக்காது.

இன்று நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள். அவற்றுக்கு இடுக்குமில்லை, நார்த்திரியும் வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில், முனை மழுங்கிய அகன்ற உளி ஒன்று கிடந்தால், அது யாருடையது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.